நடுவில் வைத்த பொட்டு

கவரைப்பேட்டையில் ரயில் நின்றபோது, எதிர் சீட்டில் கம்பெனி கோட் போட்டிருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"படத்துக்குப் பொட்டு வெச்சது தப்பில்லியாம்க்கா. நடுவுல வெச்சதுதான் தப்பாம்."

"இன்னாடி படம்?"

"எங்க கம்பெனி மிக்ஸிக்கு டிசைன் போட்டுச்சே, அந்தப் பெயிண்டரம்மா வரைஞ்சது. ஆபீஸ்ல மாட்டி வெச்சிகீறாங்க. சாமியும் இல்ல, மனுசனும் இல்ல, ஒரே கட்டமா கீது. போன வருசம் ஆயுத பூஜைக்கு மெசினுக்கெல்லாம் பொட்டு வெச்சிகினு வந்தேனா, அதுக்கும் ஒண்ணு வெச்சிட்டேன்."

"அடிப்பாவி! மேனேஜர் சும்மாவா உட்டாரு?"

"வேலைய உட்டே தூக்கிடுவேன்னு குதிச்சாரு. அந்தம்மாவ வரவெச்சாரு. அது ரொம்ப நேரம் பாத்துகினே நின்னுச்சு. அப்பதான் நடுவுல வெச்சது தப்புன்னு சொல்லிச்சு. என் பொட்ட தொடைச்சிட்டு, குங்குமம் கொண்டாரச் சொல்லி ஓரமா ஒண்ணு வெச்சிட்டுப் போய்ட்ச்சு."

"தப்பிச்சடி."

"எங்க தப்பிச்சேன்க்கா? இப்ப யார் வந்தாலும் மேனேஜரு அந்தப் பொட்டத்தான் காட்டுறாரு. படத்தோட உசுரே அதுலதான் கீதாம்."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? நாளைக்கு ஆயுத பூஜை. மெசினுக்குப் பொட்டு வைக்க என்னிய வாணான்ட்டாரு. எனக்கு எடம் பாத்து வைக்கத் தெரியாதாம்."