பதில் மணி

மஞ்சுநாத் சார், நீங்கள் கொடுத்துவிட்டுப் போன வீட்டு ஒதுக்கீட்டு விசாரணைப் படிவத்தில் எட்டாவது கேள்விக்கு ஒரே ஒரு கோடுதான் விட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். வீடு முதலில் ஒதுக்கப்பட்டவர் மரியகுழந்தை, வயது ஐம்பத்தெட்டு, இறந்த நாள் 1998 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டாவது கேள்வி, இறக்கும்போது உடன் இருந்தவர் யார் என்பது. அதற்கு ஒரு கோடு போதாது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன். கன்னடம் எனக்குப் பேச வரும், எழுத வராது. தமிழிலேயே எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

நேற்று எங்கள் முன்னறையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, இந்தக் காலனியிலேயே சுத்தமான வீடு இதுதான் என்றீர்கள். என் மனைவி ஜூடித்துக்கு அதில் பெரிய சந்தோஷம். இரண்டு அறை, சமையலுக்குத் தனி இடம், வீட்டுக்குள்ளேயே குழாய், கதவு வைத்த கக்கூஸ். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நானே சுண்ணாம்பு அடிக்கிறேன். வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டவர்கள், விற்றுவிட்டுப் பெங்களூர் போனவர்கள் எல்லாம் இதே காலனியில் உண்டு. நான் அப்படிச் செய்யவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மூடும் வரைக்கும் நான் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பெல்மேன். இருபத்தொன்பது வருஷம். வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஷாஃப்டின், அதாவது சுரங்கக் குழியின், வாயில் நிற்க வேண்டும். கீழே லெவலில் இருக்கிறவன் மூன்று மணி அடித்தால், மேலே தூக்குகிற கூண்டில், அதாவது கேஜில், ஆட்கள் ஏறப்போகிறார்கள் என்று அர்த்தம். மேலே நான் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். அதுதான் பதில் மணி. அது வராமல் எவனும் கேஜில் கால் வைக்க மாட்டான். வந்துவிட்டால் கத்த மாட்டான், பதற மாட்டான். மேலே ஒருத்தன் நம்மைக் கவனித்துக்கொண்டான் என்று பேசாமல் நிற்பான். என் ஷிப்டில் பதில் மணி தவறியதாக ஒரு புகார்கூடக் கிடையாது. ஆபீசில் கேட்டுப் பார்க்கலாம், ஆபீஸ் இன்னும் இருந்தால்.

மரியகுழந்தை அண்ணன் கீழே மெஷின் போட்டவர். பாறையில் துளை போடுகிற வேலை. அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி, ஐம்பது வயதிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மனைவி செத்துப் பத்து வருஷம், பிள்ளை கிடையாது. கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளான லைனில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவர். அவருக்கு அந்தப் பக்கம் மங்கம்மாக்கா. சுவர் என்று பெயர்தான். சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்து ஏர்பிளாஸ்ட் வரும்போதெல்லாம் பூமி குலுங்கிக் குலுங்கி விரிசல் விட்டு, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மூச்சு முட்டினால் அவர் டம்ளரால் சுவரில் மூன்று தட்டுவார். நான் மூன்று தட்டிவிட்டுக் கிளம்பிப் போவேன். அப்படி இரண்டு தடவை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். அரை மணிக்குள் கொண்டுவந்தால் பயமில்லை என்று டாக்டர் சொன்னதை இரண்டு தடவையும் கேட்டவன் நான்தான்.

விரிசல் விட்ட லைன்களை மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், வீடில்லாதவர்கள் மனுப் போடலாம் என்று உங்கள் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டினார்களே, அப்போது இரண்டு பேருடைய மனுவையும் என் மகள் டீனாதான் கன்னடத்தில் எழுதினாள். ஒரே நாளில் எழுதி, ஒரே நாளில் கொடுத்தோம். நுரையீரல் சர்டிபிகேட் இருந்தால் முன்னுரிமை உண்டு என்றார்கள். அந்தச் சர்டிபிகேட்டுக்காக ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு நாள் நின்றது நான். அண்ணனுக்கு நிற்க முடியாது. ஜனவரியில் பட்டியல் வந்தது. மொத்தம் அறுபது வீடு. அறுபதாவது பெயர் மரியகுழந்தை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் இன்பராஜ், அதாவது நான். டீனா அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. எஞ்சினியரிங் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கிற கிறிஸ்டோ என்ற பையனுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். பையனின் அம்மா நல்லவர்தான், ஆனால் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "லைனு வீட்ல வந்து நாங்க இன்னாத்த பொண்ணு எடுக்கறது? அதையும் இடிக்கப் போறாங்க. ஒங்க பேர்ல வீடு வரட்டும், அப்பால பேசலாம்." அதற்கு முன் இரண்டு இடம் இதே காரணத்தால் தட்டிப்போயிருந்தது.

அண்ணனுக்கு இது தெரியும். பட்டியல் வந்த அன்றைக்கே கூப்பிட்டு உட்கார வைத்தார். "இன்பா, எனுக்கு எதுக்குடா ரெண்டு ரூம்பு? நீங்க மூணு பேரும் வந்துடுங்க. ஜூடித்து கஞ்சி ஊத்தினா போதும், ஒரு மூலையில கெடக்கறேன்."

"ஊரான் வூட்ல குந்திக்கினு பொண்ணக் கட்டிக் குடுக்கச் சொல்றியா ணா?" என்றேன்.

"நான் ஊரானாடா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அவர் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் சம்பந்தி கேட்டது என் பெயரில் வீடு. உங்கள் விதியையும் டீனா விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். சாவி வாங்கிய பிறகு ஒருவர் வாரிசு இல்லாமல் இறந்தால் வீடு அலுவலகத்துக்கே திரும்பிவிடும். சாவி கொடுக்கும் முன் இறந்தால் காத்திருப்பவருக்குப் போகும். அவரோடு குடிபோனால் அவர் இருக்கிற வரைக்கும்தான். அதன் பிறகு மறுபடி மூட்டையைத் தூக்க வேண்டும். விதியை நான் எழுதவில்லை சார்.

சாவி கொடுக்கும் நாள் பிப்ரவரி 27 என்று அறிவித்தார்கள்.

பதினைந்தாம் தேதி காலை நான் மூன்றாவது ஷிப்ட் முடித்து வந்து படுத்தேன். ஜூடித்தும் டீனாவும் பூசைக்குப் போயிருந்தார்கள். லைனில் முக்கால்வாசிப் பேர் கோயிலில்தான். எட்டரை மணி இருக்கும், சுவரில் மூன்று தட்டு கேட்டது. நான் உடனே மூன்று தட்டினேன். அது வெறும் பழக்கம், தூக்கத்திலேயே கை போய்விடும். எழுந்து சட்டை போட்டேன். ஒரு காலில் செருப்பும் போட்டேன்.

அப்போதுதான் அன்றைக்குத் தேதி என்ன என்று நினைத்துப் பார்த்தேன்.

தூக்கிக்கொண்டு போனால் பிழைத்துக்கொள்வார். பன்னிரண்டு நாளில் சாவி வாங்குவார். ஆறு மாதமோ ஒரு வருஷமோ அந்த வீட்டில் தனியாக இருமிக்கொண்டு கிடப்பார். அப்புறம் வீடு யாருக்கும் இல்லாமல் போகும். இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தேன்.

இரண்டாவது தடவை தட்டினார். இதைத்தான் தனித்தாளில் எழுத நினைத்தேன். நான் பேசாமல் இருந்திருந்தால், தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து அந்தப் பக்கத்துச் சுவரைத் தட்டியிருப்பார். மங்கம்மாக்கா கோயிலுக்குப் போகிறவர் இல்லை, அடுப்படியில்தான் இருந்தார். இல்லையென்றால் தெருவுக்குத் தவழ்ந்தாவது வந்திருப்பார். அதனால் நான் பதில் கொடுத்தேன். மூன்று தட்டு, நிதானமாக, ஷாஃப்டில் கொடுப்பது மாதிரி. இது பழக்கம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஃபிளாஸ்கில் ஜூடித் காப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஊற்றிக் குடித்தேன். மூன்றாவது தடவையும் தட்டினார், பதில் கொடுத்தேன். நான்காவது தடவை ஒன்று கேட்டது, கொஞ்சம் விட்டு இன்னொன்று. மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இருந்தாலும் நான் மூன்றும் தட்டினேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் ஷிப்ட் முடித்து வந்த உடம்பு.

பூசை முடிந்து வந்த ஜூடித்தான் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனாள். அவள் போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். கதவு தாழ் போடாமல் திறந்தே இருந்தது, நான் வருவேன் என்று எடுத்துவிட்டிருக்கிறார். எங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டியிருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு மடித்துப் பையில் இருந்தது. ஆட்டோவுக்கு எடுத்து வைத்த சில்லறை பக்கத்தில், டம்ளர் மடியில். அந்தப் பொத்தானைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மூச்சில் பொத்தான் மாட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். அன்றைக்கு என்னைவிட அதிகமாக அழுதவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

மங்கம்மாக்கா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, அவுரு தட்டினாரு, நீ பதிலு தட்டினே. நாலு தபா கேட்டேன். நீ கூட்டிக்கினு பூட்டேன்னு நென்ச்சிக்கினு நான் எட்டிக்கூடப் பாக்கலியே" என்றார்.

"நான் தூங்கிட்டேன்க்கா. அவரே தட்டிக்கினு இருந்திருப்பாரு," என்றேன்.

அவர் உள்ளே வந்து, அண்ணன் மடியிலிருந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடக்கச் செலவெல்லாம் நான்தான் பார்த்தேன். பெட்டி நல்ல பலகையில் செய்யச் சொன்னேன். வாரிசு இல்லை என்று உங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்த தாளில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அது பொய் இல்லை. 27ஆம் தேதி சாவி வாங்கினேன். மே மாதம் டீனாவுக்குக் கல்யாணம். பேத்தமங்களா ஏரிக்கரையில் எடுத்த போட்டோ ஒன்றை நீங்கள் சுவரில் பார்த்திருப்பீர்கள். மங்கம்மாக்காவுக்கும் இதே காலனியில்தான் வீடு, மூன்று வீடு தள்ளி. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார்.

இப்போது அண்ணனுடைய மனைவியின் தங்கை மகள், சுனிதாவாம், பங்காருபேட்டையிலிருந்து மனுப் போட்டிருக்கிறாள் என்கிறீர்கள். நீங்கள் காட்டிய மனுவைப் படித்தேன். வீடு வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. சாகும்போது பெரியப்பா பக்கத்தில் யாராவது இருந்தார்களா, அதை மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டிருக்கிறாள். அடுத்து மங்கம்மாக்காவை விசாரிக்கப் போவதாகச் சொன்னீர்கள். அவர் நான்கு தடவை என்பார். அது சரியான எண்ணிக்கைதான். ஆனால் முதல் தடவை அடித்தது பழக்கத்தில் என்பது அவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் பதிவில் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மற்ற மூன்றும் அவர் செத்துப்போக வேண்டும் என்றே, தெரிந்தே கொடுத்தேன். போலீசுக்கு அனுப்புவதானால் அனுப்பலாம். வீட்டு ஒதுக்கீடு விதிப்படிதான் நடந்தது, அதில் கை வைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேனா என்று கேட்டால், இல்லை. பாவம் என்று தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன்.

எட்டாவது கேள்விக்கு எதிரே 'யாரும் இல்லை' என்று எழுதிவிடலாமா என்று முதலில் நினைத்தேன். அந்தப் பெண் படித்தால் மனசு உடைந்துபோவாள். அதனால் இன்பராஜ் என்று என் பெயரையே எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. சுனிதாவிடம் சொல்லுங்கள், அவளுடைய பெரியப்பா தனியாகச் சாகவில்லை. அவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் பதில் கொடுத்தேன்.