ராசியான பேர்

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதுவது பாவமென்று பல வருஷம் தயங்கினேன், முருகன் பொறுத்துக்கொள்ளட்டும். போடியிலிருந்து ஏலமலை ஏறிய பஸ்சில், என் முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மூணாவதும் பொண்ணுக்கா. உன் பேரையே வைக்கப்போறேன்.”

“போதும்பொண்ணுன்னா?”

“உனக்கு அப்பிடி வச்ச பெறகுதான நான் பொறந்தேன். ராசியான பேருக்கா!”

“ராசி உனக்குடா! இன்னொரு கரண்டி சோறு கேட்டா, ‘பேரே போதும்தானக்கா’ன்னு சிரிச்சவன் நீ. இன்னைக்கும் நான் மறுசோறு கேக்கிறதில்ல. உன் பேரை வையி. தவமணிங்கிறது பொண்ணுக்கும் ஆகும்.”

“புருசன் பேரை எம்பொண்டாட்டி சொல்லமாட்டாளே!”

“இனிமே புள்ளையத் திட்டுற சாக்குல உன்னையும் பேர் சொல்லித் திட்டுவா. சந்தோசப்படுவாடா!”

இரண்டு வளைவு தாண்டியதும் தம்பி அக்கா பக்கம் திரும்பி, “சரிக்கா, தவமணிதான்” என்றார்.

கேட்டபடியே நாலு பேருக்குச் சொல்லுங்கள். சிரிப்புக்காக ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம்.