முப்பத்தோராம் காரும் நாற்பத்துநான்காம் காரும்

உதயகலா: ...இன்னுமொருக்காவோ அண்ணை? இந்த ரெண்டு காரும் இடிபடுறதை என்ரை கலியாண வீடியோவை விடக் கனதரம் பாத்திட்டன்.

செபநாயகம்: நடுவர் எண்டால் பாக்கத்தான் வேணும். நேற்றுப் பின்னேரம் முடிஞ்ச றேஸ். இன்னும் முடிவு அறிவிக்கேல்லை. குறூப்பிலை என்னைத் தின்னுறாங்கள்.

உதயகலா: றேஸை நடத்தினது நான். எனக்கு அதை விடப் பேச்சு. கட்டுப்பாட்டு அறை நித்திரையோ எண்டு கேக்கிறாங்கள்.

செபநாயகம்: கட்டுப்பாட்டு அறை...

உதயகலா: போனுக்குள்ளை சிரியாதேங்கோ. எங்கடை சாமான் அறைதான். ஒரு பக்கம் வெங்காயம் காயுது, மற்றப் பக்கம் நானும் கொம்பியூட்டரும். உங்கடை நடுவர் மன்றம் மட்டும் என்னவாம்?

செபநாயகம்: என்ரை மனுசி அயன்பெட்டியாலை உடுப்பு மினுக்கிற மேசை. கோயிலாலை வந்தவுடனை எழும்பச் சொல்லுவா. அதுக்குள்ளை தீர்ப்புச் சொல்லவேணும்.

உதயகலா: இந்த உத்தியோகத்துக்கு எங்களை ஆர் வரச் சொன்னது?

செபநாயகம்: ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்களாத்தான் கையை உயத்தினனாங்கள். மனுசி கேக்கிறா, எல்லாம் கொம்பியூட்டர் விளையாட்டு, காரும் பொய், றோட்டும் பொய், உங்கடை தலையிடி மட்டும் என்னண்டு உண்மை எண்டு.

உதயகலா: நல்ல கேள்வி. முறைப்பாட்டை வாசிக்கட்டோ?

செபநாயகம்: வாசியும். முறையாச் செய்வம்.

உதயகலா: முறைப்பாடு போட்டது லண்டன் சுதாகரன். கடைசிச் சுத்திலை முன்னுக்கு எங்கடை பெடியன் சந்தியோகு, அவனுக்குப் பின்னாலை தானாம். ஒரு சுத்துப் பின்தங்கி ஓடின முப்பத்தோராம் காரும் நாப்பத்துநாலாம் காரும் சந்தியோகுக்கு ஒதுங்கி வழி விட்டுதாம். அவன் போன கையோடை ரெண்டும் ஒண்டோடை ஒண்டு இடிபட்டு நடு றோட்டிலை குறுக்க நிண்டுதாம். வேணுமெண்டு மறிச்சதாம்.

செபநாயகம்: வேணுமெண்டு மறிச்சதெண்டால் எங்கடை விதி என்ன சொல்லுது?

உதயகலா: மறிபட்டவருக்கே வெற்றி. நீங்கள்தானே அண்ணை எழுதினனீங்கள்.

செபநாயகம்: எழுதேக்கை புழுகமும் சந்தோசமுமா இருந்தது. இப்பதான் குத்துது. அப்ப கிண்ணம் லண்டனுக்கோ?

உதயகலா: ஓம். விபத்தெண்டால் சந்தியோகுக்கு.

செபநாயகம்: பாவம் அவன். ஐஸ் பக்டரியிலை வேலை முடிச்சு வந்து, தாயின்ரை தையல் மேசையிலை ஸ்டியரிங்கைப் பூட்டி ஓடுறவன். தாய் கேட்டவவாம், தம்பி, றேஸ் எந்த றோட்டிலை, நான் வந்து பாக்கட்டோ எண்டு.

உதயகலா: வாற கிழமை கட்டாருக்குப் போறான். இதை விட்டால் அவனுக்கு வேறை றேஸ் இல்லை.

செபநாயகம்: கிண்ணம் என்ரை அலுமாரியிலை இருக்கு. மனுசி அதுக்குள்ளை ஊசி நூல் போட்டு வைச்சிருக்கிறா.

உதயகலா: நல்ல காலம், றேஸாவது நடந்தது. பத்துக் கார் சேராட்டி ஒத்திவைக்கவேணும் எண்டது விதி. கடைசி நேரம் அந்த நோர்வேக்காரர் நாப்பத்துநாலிலை வந்து சேர்ந்தாரே. தங்கமான மனுசன்.

செபநாயகம்: முப்பத்தொண்டிலை வந்த கனடாக்காரர் மட்டும் என்ன? அந்த மனுசனை எனக்குக் கும்பிடவேணும் போலை இருந்தது.

உதயகலா: அவருக்கு ஓட்டத்தான் தெரியாது.

செபநாயகம்: நோர்வேக்காரருக்கும் தெரியாதுதான். வயசு போன ஆளாக்கும்.

உதயகலா: ஆனால் நல்ல மனசு. முதல் சுத்திலையிருந்தே எல்லாருக்கும் வழி விட்டவர்.

செபநாயகம்: ம்... ரெண்டு பேரிட்டையும் விளக்கம் கேட்டனீரோ?

உதயகலா: கேட்டனான். ஒருத்தரும் பதில் போடேல்லை.

செபநாயகம்: நோர்வேக்காரர் போடுவார். இஞ்சை... வாசலிலை மீன்காரன் கூப்பிடுறான். அஞ்சு நிமிசம்.

உதயகலா: ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லையெல்லோ அண்ணை... அண்ணை? சரி, போயிட்டார்.

செபநாயகம்: வந்திட்டன். ஏதும் விசேசமோ?

உதயகலா: ஓம். நோர்வேக்காரரின்ரை விளக்கம் இப்பதான் வந்தது. மீன் என்ன மீன்?

செபநாயகம்: ஆ... மீனோ? விளைமீன். வாசியும், வாசியும்.

உதயகலா: "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில், வழிவிடும் நல்நோக்குடன் ஒதுங்கிய வேளை மாதா கோவிலில் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்தபடியால் கவனம் சிதறி, அருகில் வந்த வாகனத்துடன் மோத நேரிட்டது."

செபநாயகம்: பாரும், எவ்வளவு பண்பா எழுதியிருக்கிறார். கச்சேரியாலை வாற அரசாங்கக் கடிதம் மாதிரி.

உதயகலா: நோர்வேயிலையும் திருந்தாதி மணி அடிக்கிறதோ அண்ணை?

செபநாயகம்: கோயில் இருக்கிற இடத்திலை அடிக்கும்தானே.

உதயகலா: எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணி எண்டால் அங்கை மத்தியானமெல்லோ.

செபநாயகம்: ...மத்தியானமும் அடிக்கிறதுண்டு. நீர் சைவம், உமக்குத் தெரியாது. கனடாக்காரர் என்னவாம்?

உதயகலா: அவர் இன்னும்... ஐயோ, மோட்டர் போட்டபடி. தண்ணித்தாங்கி வழியுது. இந்தா வாறன்.

செபநாயகம்: கெதியா வாரும். மனுசி வந்திடுவா.

உதயகலா: வந்திட்டன், வந்திட்டன்.

செபநாயகம்: கனடாவிலையிருந்து வந்திருக்கு. நான் வாசிக்கிறன், கேளும். "சொறி. நான் வழி விடத்தான் போனனான். கீபோட்டுக்குள்ளை வெங்காயச் சருகு போய் பிரேக் அமத்துப்படேல்லை."

உதயகலா: சுருக்கமா, உண்மையா எழுதியிருக்கிறார்.

செபநாயகம்: கனடாவிலை வெங்காயச் சருகு...

உதயகலா: அங்கையும் சனம் கறி வைக்குதுதானே.

செபநாயகம்: கீபோட்டுக்கு மேலையோ வெங்காயம் உரிக்கிறது?

உதயகலா: அதை விடுங்கோ. தீர்ப்பை எழுதுவமோ?

செபநாயகம்: கலா, ஒண்டு கேப்பன், கோவிக்கக்கூடாது. கடைசி மூண்டு சுத்தும் கட்டுப்பாட்டு அறை ஏன் ஒரு சொல்லும் கதைக்கேல்லை? மஞ்சள் கொடி காட்டேல்லை, எச்சரிக்கை ஒண்டும் போடேல்லை...

உதயகலா: கை ரெண்டும் வேலையா இருந்தது.

செபநாயகம்: என்ன வேலை?

உதயகலா: நீங்கள் முதல் சொல்லுங்கோ. திருந்தாதி மணி கேக்கிற நோர்வே எங்கை இருக்கு?

செபநாயகம்: குருநகரிலை. இந்த மினுக்கிற மேசையிலை.

உதயகலா: நான் அந்த "மேற்படி"யிலையே பிடிச்சிட்டன். விதிகளையும் நீங்கள் அப்பிடித்தானே எழுதினனீங்கள்.

செபநாயகம்: அப்ப வெங்காயம் காயிற கனடா மருதனார்மடத்திலை, உம்மடை சாமான் அறையிலை.

உதயகலா: ஓம்.

செபநாயகம்: என்ரை மாதாவே... நீரோ? எட்டுக் கார்தான் பேர் குடுத்திருந்தது. நான் ஒன்பதாவதாப் புகுந்தனான், இன்னும் ஒண்டு எங்கையாவது அம்பிடும் எண்டு. நீர் வந்து சேரேக்கை கடவுள் அனுப்பின ஆள் எண்டு நினைச்சன்.

உதயகலா: ஒண்டுதான் குறையுது எண்டு நான் அடுத்த வீட்டுப் பிள்ளையின்ரை லப்டொப்பை இரந்து வாங்கினனான். ஒரு கொம்பியூட்டரிலை றேஸை நடத்துறன், மற்றதிலை கார் ஓடுறன். குசினியிலை பருப்பு அடிப்பிடிக்குது.

செபநாயகம்: நடுவரும் நடத்துறவையும் ஓடக்கூடாது எண்டு விதி எழுதினதும் நான்தான்.

உதயகலா: அதைத் தட்டெழுதினது நான்.

செபநாயகம்: வெக்கக்கேடு. என்ரை வழக்கை நான் விசாரிக்கிறன், உம்மடை வழக்கை நீர் விசாரிக்கிறீர். அதிலையும் ஒருத்தரை ஒருத்தர் தங்கமான மனுசன் எண்டு...

உதயகலா: வயசு போன ஆளாக்கும் எண்டு நீங்களே சொன்னது நல்ல பகிடி.

செபநாயகம்: சரி, சிரிச்சது காணும். எங்கள் ரெண்டு பேரையும் நீக்குவம், பதவியையும் விடுவம். ஆனால் இடிபட்டது விபத்து. அப்பிடி எழுதினால் சந்தியோகுக்குக் கிண்ணம் நிக்கும்.

உதயகலா: எழுதலாம்... பொறுங்கோ, அவன்ரை காருக்குள்ளையிருந்து ஒருக்கா ஓடவிட்டுப் பாக்கிறன். நாங்கள் இவ்வளவு நேரமும் இடிபட்ட இடத்தையே பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.

செபநாயகம்: என்ன தெரியுது?

உதயகலா: அண்ணை... சுதாகரன் வளைவுக்கு வரேக்கை சந்தியோகு எல்லைக்கோட்டுக்குக் கிட்டப் போயிட்டான்.

செபநாயகம்: அவ்வளவு முன்னாலையோ?

உதயகலா: றோட்டு வெறுமையா இருந்திருந்தாலும் சுதாகரனாலை பிடிச்சிருக்கேலாது. சந்தியோகு தன்ரை ஓட்டத்தாலைதான் வெண்டவன்.

செபநாயகம்: அப்ப நாங்கள் ஒண்டும் செய்யாமல் பேசாமல் ஒதுங்கி நிண்டிருந்தால்...

உதயகலா: நாங்களோ? நீங்கள் வழி விடத்தானே அண்ணை ஒதுங்கினனீங்கள்? மணிச் சத்தத்திலை கவனம் சிதறினது எண்டுதானே எழுதினனீங்கள்?

செபநாயகம்: உமக்கு வெங்காயச் சருகெல்லோ.

உதயகலா: கீபோட்டிலை சருகு இல்லை அண்ணை. சுதாகரன் வாறதைக் கண்டிட்டுத்தான் குறுக்க விட்டனான். சந்தியோகு கட்டாருக்குப் போறானே, ஒருக்காவாவது வெல்லட்டும் எண்டு... இனி நீங்கள் சொல்லுங்கோ. மணி அடிச்சதோ, இல்லையோ?

செபநாயகம்: அடிச்சது, கலா. நாங்கள் இடிபட்டு நிண்டதுக்குப் பிறகு. தீர்ப்பை எழுதும், வேணுமெண்டு மறிச்சது, கிண்ணம் லண்டனுக்கெண்டு... நான் கிண்ணத்துக்குள்ளை கிடக்கிற ஊசி நூலை எடுத்து வைச்சிட்டு, சந்தியோகு வீட்டை போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாறன்.