ஒரு நாள்கூடக் குறையக் கூடாது

“ஹலோ... சார், நான்தான், குடோன்லேர்ந்து... ஆமா, ஆமா, அதே விஷயம்தான். வேற எதுக்கு நான் உங்களுக்குப் போன் பண்ணப்போறேன்?”

லிஃப்ட் உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளர் ராஜினாமாக் கடிதம் கொடுத்து முப்பது நாள் ஆகிறது. விதிப்படி தொண்ணூறு நாள் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். புதிய கம்பெனியோ திங்கட்கிழமையே வரச் சொல்கிறது. முன்கூட்டியே விட்டுவிடுங்கள் என்று மேனேஜரை அவர் நச்சரிப்பது இது பதினோராவது தடவை.

“திங்கக்கிழமை போகலேன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க சார்... சரி... சரி... எனக்குப் பதில் ஆள் வேணும்னீங்க, வந்தாச்சு. வேலை கத்துக்குடுக்கணும்னீங்க, குடுத்தாச்சு. கண்ணைக் கட்டிவிட்டாலும் பேரிங் எந்த ரேக்குன்னு காட்டுவாரு... தங்கமான மனுஷன் சார், வாயில விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாது... என்னது! அவரு ராஜினாமாவா?”

பொறுப்பாளர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“வந்து ரெண்டு வாரந்தானே ஆச்சு! அவருக்குத் தொண்ணூறு நாள் கிடையாதா?... ஓ, புது ஆளுக்கு நோட்டீஸே இல்லையா... எங்க போறாராம்?... எங்க?... சார், அது நான் போற கம்பெனி!... நான் எதுவும் சொல்லலையே... சொன்னேன். டீ குடிக்கறப்ப சும்மா... சம்பளம், லீவு, ஏசி குடோன்... ஆமா, அவசரமா ஆள் தேடறாங்கன்னும் சொன்னேன்... அந்தக் கம்பெனி நம்பரா? ஆசையாக் கேட்டாரு சார், குடுத்துட்டேன்... காலைலயே சேர்ந்துட்டாரா! அங்க இருக்கறதே ஒரு இடந்தானே சார், அது என் இடம்!”

பொறுப்பாளர் ஏணிப்படியிலிருந்து எழுந்து நின்றார். பிறகு குரலில் தேன் ஒழுகியது.

“சார்... நீங்க எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் மாதிரி. அந்த ராஜினாமா லெட்டர்... ஏதோ கிறுக்குத்தனமா எழுதிட்டேன், கிழிச்சுப் போட்டுடுங்களேன்... நல்ல சேதியா? சொல்லுங்க, சொல்லுங்க... டைரக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரா? எதுல?... இன்னைக்கு அஞ்சு மணிக்கே விடுவிக்கறீங்களா!... பதில் ஆள் இல்லாட்டியும் பரவாயில்லையா!... கேட்டேன் சார், காலைப் பிடிச்சுக் கேட்டேன், இப்ப வேண்டாங்கறேன்!... விதின்னு ஒண்ணு இருக்குல்ல? ஒரு நாள் குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்... சாவியை வாட்ச்மேன்கிட்டயா? தர மாட்டேன்! உள்பக்கமாப் பூட்டிக்கப்போறேன்... எவ்வளவு நேரமா? அறுபது நாள் சார்!... ஹலோ?... ஹலோ?”