ஒற்றை விரல் காட்டிய இடம்

இந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று மாண்பு சேர்க்கும் ஆசிரியப் பெருந்தகை இன்னாசிமுத்து ஐயா அவர்களே! கல்லுடைத்துக் கல்லுடைத்துக் கை காய்த்துப்போன பெரியோர்களே! மேலூர் வயல்களில் குனிந்து குனிந்தே இடுப்பைத் தேய்த்துக்கொண்ட என் தாய்மார்களே! பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் மைக் சத்தம் கேட்டு நின்றுவிட்ட மாப்பிள்ளைகளே! இந்த நல்லகாமனின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்!

முப்பது ஆண்டுகள் நாற்று நட்டவள் என் துணைவி பாண்டிமீனா. நடக்க முடியாமல் அவள் தவித்தபோது மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். இடுப்பு மூட்டின் பந்து தேய்ந்துவிட்டது என்றார்கள். தேய்ந்தது உண்மை. அறுத்தார்கள், புதுப் பந்து பொருத்தினார்கள். தொடை வலி தீர்ந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தால் வலி! எழுந்தால் வலி! புரண்டு படுத்தால் வலி! திரும்பப் போய்க் கேட்டேன். என்ன சொன்னார்கள் தெரியுமா? படம் நன்றாக இருக்கிறதாம். வலி அவள் மனதில் இருக்கிறதாம்!

கேட்கிறேன். படத்துக்கா வலிக்கிறது? படமா படியேறுகிறது? படமா என் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு சோறு வடிக்கிறது?

பொறுங்க அண்ணே, அதுக்குள்ள கை தட்டாதீங்க. இன்னும் இருக்கு.

எட்டு மாதம் கழித்து, கோரிப்பாளையத்தில் ஜெஸி என்ற மருத்துவரிடம் போனோம். வழக்கம்போல நானே பேச ஆரம்பித்தேன். அந்த அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, வலிக்கிற இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி பாண்டிமீனாவிடம் சொன்னார். அவள் கூச்சத்தோடு பின்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே விரல் வைத்தாள். முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேருகிற மூட்டு அது. அழுத்திப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், அந்த மூட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டும் பார்த்தார், வலி அடங்கியது. பந்து தேய்ந்ததோடு இந்த மூட்டும் கெட்டிருக்கிறது, இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்க வேண்டும், பெல்ட்டும் பயிற்சியும் அப்போதே தொடங்கியிருக்கலாம் என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். வெளியே வந்ததும், இம்புட்டு நாளா அந்த இடத்தை ஏன் சொல்லலை என்று அவள்மேலேயே பாய்ந்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "மொத டாக்டரும் என்னையத்தான் கேட்டாரு. நீங்கதான் பதில் சொன்னீக."

கை தட்டத் துடித்தவர்களே, இப்போது தட்டுங்கள் பார்ப்போம்!

படத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்க்கவில்லை. அந்த மருத்துவர் மேல் என் கோபம் தணியவே தணியாது. ஆனால் அந்த அறையில் அவளைப் பேசவிடாமல் செய்தது யார்? இந்த வாய்! உழைப்பவர் குரல் ஓங்கட்டும் என்று ஊர் ஊராக முழங்கிய இதே வாய்! அவளுக்கு என்ன தெரியும் என்று எத்தனை பேர் மனைவியின் வலியை நாமே பேசி முடித்தோம்? வலி அவளுக்கு, வாய் மட்டும் நமக்கா?

மருத்துவர்களே, பந்தை மாற்றுமுன் பின்மூட்டையும் தொட்டுப் பாருங்கள். ஆண்களே, அந்த அறையில் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

முன்வரிசையில் நாற்காலி இருந்தும் ஒரு பெண் நின்றபடி கேட்கிறாளே, அவள்தான் பாண்டிமீனா. இதோ, இப்போதும் அவள் வலியை நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தந்த நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம். செவி கொடுத்த உங்களைக் கைகூப்பி வணங்கி, நன்றி சொல்லி, அந்தப் பத்து நிமிடத்தை உரியவளிடம் ஒப்படைக்கிறேன்.

பாண்டிமீனா, மேல வா. நான் கீழ போறேன்.