குனிந்து ஐந்து எண்ணு

— இன்னும் குனி, இசோபே. இது வணக்கம் சொல்ற குனிவு. நீ மன்னிப்புக் கேக்கப் போறே.

— இவ்வளவு போதுமா சார்?

— முதுகு நேரா இருக்கட்டும். கையைத் தொடையோட ஒட்டி வச்சுக்கோ. அஞ்சு எண்ணிட்டு நிமிரு. கம்பெனி வக்கீல் சொன்னாருல்ல, மூணுல நிமிர்ந்தா திமிருன்னு பேப்பர்ல எழுதுவானுங்க, எட்டு வரைக்கும் போனா நடிப்புன்னு எழுதுவானுங்க.

— கீழ ஹோட்டல் ஹால்ல எத்தனை பேர் வந்திருக்காங்க சார்?

— பத்திரிகைக்காரங்க எண்பது பேர். கேமராக்காரங்க தனி. வாட்ச்சைக் கழட்டிடு, பளபளன்னு எதுவும் தெரியக் கூடாது.

— கழட்டிட்டேன் சார்.

— சரி. காகிதத்தை ஒரு தடவை படி, கேக்குறேன்.

— "லிஃப்ட் பிரேக் சோதனையின் எண்களை மாற்றியது சோதனைப் பிரிவுத் தலைவராகிய நான் மட்டுமே. இயக்குநர் முனகாதா அவர்களுக்கு இது எதுவும் தெரியாது..."

— என் பேரோட ஏன் நிறுத்திட்டே?

— அடுத்த வரி வாயில வரமாட்டேங்குது சார்.

— படிச்சாத்தான் வரும். படி.

— "பிரேக்குகள் பாதுகாப்பானவை. எந்த லிஃப்டையும் நிறுத்தத் தேவையில்லை."

— அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்?

— இதை நான் சொன்னா, ரெண்டாயிரத்துச் சொச்சம் கட்டடத்துல அந்த லிஃப்டெல்லாம் நாளைக்கும் ஓடும் சார். அதுல ஆஸ்பத்திரி இருக்கு, முதியோர் இல்லம் இருக்கு. நூறு தடவை சோதிச்சோம், பதினொரு தடவை பிரேக் வழுக்குச்சு. பக்கத்துல நின்னு பாத்தவன் நான்.

— மிச்சம் எண்பத்தொம்பது தடவை பிடிச்சுதில்ல? பாரு இசோபே, முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வாள் பயிற்சிக்குப் போறவன் நான். புஷிடோ, அந்த சாமுராய் தர்மம்னா என்ன? தலைவன் பேரைக் காப்பாத்துறது, புரியுதா? அந்தக் காலத்துல உன் இடத்துல இருந்தவன் வெள்ளை உடுத்தி உக்காந்து, ஒரு வார்த்தை பேசாம வயித்தைக் கிழிச்சுக்கிட்டான். உன்னை யாரு கிழிச்சுக்கச் சொன்னா? குனி, ராஜினாமாவைக் குடு, வீட்டுக்குப் போ. உன் குடும்பத்தைக் கம்பெனி கைவிடாது.

— நாங்க சோயா சாஸ் காய்ச்சின குடும்பம் சார். எங்க வம்சத்துல வாளைத் தொட்டவன் ஒருத்தன்கூட கிடையாது.

— இப்ப கம்பெனிதான் வம்சம்.

— தலைவன் தப்புப் பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்றவனும் அதே தர்மத்துல உண்டுன்னு புது வருஷ விருந்துல நீங்கதானே பேசுனீங்க? அதை நம்பித்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்ச் மாசம் உங்க ரூமுக்கு வந்து பிரேக் வழுக்குதுன்னு சொன்னேன்.

— வந்தே. நானும் கேட்டேனே.

— கேட்டீங்க. டீ ஆறிப்போச்சுன்னீங்க. அப்புறம் நம்பரை மாத்துன்னீங்க. நான் மாத்தினேன். அந்தப் பாவம் என்னோடதுதான், இல்லேங்கல.

— அப்புறம் எதுக்கு இந்த உதறல்?

— உங்களைப் பாத்தா பயமா இருக்கு சார். கேமராவை நினைச்சா பயமா இருக்கு. காலையில எனக்கு டை கட்டிவிட்ட என் சம்சாரம் மிச்சுயோவை நினைச்சா பயமா இருக்கு. ஆனா எல்லாத்தையும் விட அந்தப் பதினொரு தடவையை நினைச்சாத்தான் சார் ரொம்பப் பயமா இருக்கு. தூக்கம் போய் ரெண்டு வருஷமாச்சு.

— பயத்தை வெளிய காட்டாதவன்தான் வீரன், புரியுதா? சாவு பக்கத்துல வந்து நின்னாலும் மூச்சு மாறக் கூடாது. எங்க வாத்தியார் மூங்கில் வாளால மண்டையில போட்டுச் சொல்லிக்குடுத்தது. நேரமாச்சு, வா போகலாம்.

— வரேன் சார்.

— ரூம் கதவைச் சாத்து. வேர்வையைத் தொடச்சுக்கோ. நல்ல வேளை, லிஃப்ட் நம்ம மாடியிலேயே நிக்குது.

— சார், ஒரு விஷயம். காலையில உங்ககூட மேல வரும்போதே சொல்லியிருக்கணும், வாய் வரல.

— சட்டுன்னு சொல்லு.

— இந்த ஹோட்டல்காரங்க போன வருஷம்தான் லிஃப்டை மாத்தினாங்க. பிரேக் நம்மளுது.

— நம்மளுதுன்னா?

— நூத்துக்குப் பதினொண்ணு வழுக்குச்சே, அதே சரக்கு. ஏறுங்க சார். கதவு மூடப் பாக்குது, பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— நீ முன்னால... இல்ல, எனக்கு ஒரு போன் பேசணும். பேசிட்டுப் படியில வரேன்.

— பதினேழு மாடி சார்.

— படியில வரேன்னு சொல்றேன்ல. நீயும் வெளிய வா. அதுக்குள்ள நிக்காதே, இசோபே.

— காலையில நம்மகூட ஒரு பொண்ணு கைக்குழந்தையோட இதுலதான் ஏறினா சார். அவகிட்ட யாரும் வெளிய வான்னு சொல்லல.

— பைத்தியமா உனக்கு? கதவை விடாதே. முதல்ல வெளிய வா, பேசிக்கலாம்.

— பயமாத்தான் இருக்கு சார், மறைக்க முடியல. கதவை விட்டுடறேன். நீங்க பதனமா இறங்கி வாங்க. வந்து சேர்றதுக்குள்ள கீழ நான் நடந்த அத்தனையையும் சொல்லி முடிச்சிருப்பேன்.