மூணு வண்டி, ஒரே ஹெல்மெட்

— நிறுத்துடா, நிறுத்து. ‘நூத்தி அறுபதுல காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் பறந்தேன்’னு எப்படிடா வாய் கூசாமச் சொல்றே? நான் அறுபதைத் தாண்டவே இல்லையே.

— அம்மா, ரெக்கார்டிங் நடக்கும்போது பீரோக் கதவைத் திறக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? தெருச் சத்தமெல்லாம் உள்ள வருது பாரு.

— என் புடவைங்களுக்கு நடுவுல குந்திக்கிட்டு ‘மலை உச்சியில நிக்கறேன் ரைடர்ஸ்’னு சொல்றே. தெருச் சத்தம் கொஞ்சம் வந்தாலாவது வெளிய போனேன்னு நம்புவாங்க.

— பீரோக்குள்ள பேசினாத்தான் எதிரொலி இல்லாம வரும். சரி, வந்தது வந்தே, சொல்லு. சிவப்பு ரேஸ் வண்டி எப்படி இருந்துச்சு?

— இன்ஜின் நல்ல இன்ஜின், பொய் சொல்லக்கூடாது. ஆனா டேங்க்கு மேல குப்புறப் படுத்துக்கிட்டுல்ல ஓட்டணும்? பத்தே நிமிஷம், மணிக்கட்டு ரெண்டும் விட்டுப்போச்சு. காலையிலேர்ந்து ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியல.

— ‘உடம்பும் வண்டியும் ஒண்ணாகுற தருணம்.’ வேற லெவல். கறுப்பு க்ரூசர்?

— சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டி விட்டிருக்கான். காலை நீட்டிக்கிட்டு ஜம்முனு போகலாம், ரோடு நேரா இருக்கற வரைக்கும். திரும்பணும்னா ஒரு வாரம் முன்னாடியே மனு போடணும்.

— ‘எதுக்கும் அவசரப்படாத ராஜ கம்பீரம்.’ ஆஹா! அப்புறம் அந்த உசரமான அட்வென்ச்சர் வண்டி?

— அதுல ஏற ஏணி வேணும்டா. ஆனா ஏறிட்டா இறங்க மனசு வராது. எவ்வளவு பெரிய குழியா இருந்தாலும் சத்தமில்லாம முழுங்கிடுது. பின்னாடி தடுப்பூசி ஐஸ் பெட்டி ரெண்டு தாராளமாக் கட்டலாம். இருபத்தெட்டு வருஷம் நர்ஸா மேடு பள்ளமெல்லாம் சுத்தினேனே, அப்போ இப்படி ஒண்ணு கொடுத்திருந்தா என் இடுப்பு இன்னும் என்கிட்டயே இருந்திருக்கும்.

— ஐஸ் பெட்டின்னெல்லாம் சொல்ல முடியாதும்மா. ‘எல்லையில்லாத சுதந்திரம்’னு போட்டுக்கறேன்.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ ஆடவே இல்ல, கூடத்துக்கு மார்க் போடறே.

— போடற மார்க்கை மூணு லட்சம் பேர் பாக்கறாங்களே! யூடியூப்ல இந்தப் புயல் அண்ணன்னா சும்மாவா? இந்த கமெண்ட்டைக் கேளு. ‘வண்டியில ஏறும்போது அண்ணன் இடுப்புல ஒரு சொருகு சொருகுவார் பாருங்க, அதான் மாஸ்!’ இப்பல்லாம் பசங்க அப்படிச் சொருகிட்டுத்தான் வண்டியிலயே ஏறறானுங்க.

— அடப்பாவி, அது முந்தானைடா! ஜாக்கெட்டு போட்டிருக்கோம்னு மூளைக்குத் தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது. அப்போ அத்தனை தடிப் பசங்களும் இல்லாத முந்தானையையா சொருகிக்கிட்டு அலையறாங்க?

— அதை விடும்மா. இப்ப தலை போற விஷயம் ஒண்ணு. அவங்க நாலு மணிக்கு இங்க வர்றாங்க.

— யாரு, வண்டியைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போற கம்பெனிக்காரங்களா?

— உன் வருங்கால மருமகம்மா! நேத்து ஃபோன்ல என்ன ஆர்வம் தெரியுமா? எவ்வளவு வேகமாப் போவீங்க, மழையிலகூட ஓட்டுவீங்களா, விழுந்திருக்கீங்களான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. நூத்தி அறுபதுன்னு சொன்னேன். ‘அம்மாடி!’ன்னு கத்தியே விட்டாங்க. இன்னிக்கு நான் ஓட்டறதை நேர்ல பாக்கணுமாம்.

— நல்லதாப் போச்சு. உண்மையைச் சொல்லிடு.

— அதுக்குத்தான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு வை. நீ ஜாக்கெட்டு, ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு வாயைத் திறக்காம தலையை மட்டும் ஆட்டு. ஒரே ஒரு ரவுண்டு.

— அப்புறம்? கல்யாணத்தன்னிக்கும் நானே ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு மாப்பிள்ளையா உக்காரணுமா?

— விளையாடாதேம்மா. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. அவங்களுக்குப் பிடிச்சது புயலைத்தான், என்னை இல்ல. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்ச நிமிஷமே போயிடுவாங்க.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறே. பூசணிக்காய் நான்டா, எனக்குத்தான் மூச்சு முட்டுது. அவகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். நீயாச்சு, உன் புயலாச்சு.

— அத்தை, உள்ள வரலாமா? கதவு திறந்தே இருந்துச்சு.

— வாம்மா, வா. என்ன, இன்னிக்கு ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போடற வேலை இல்லையா?

— லீவு போட்டுட்டு வந்தேன் அத்தை. இவர்கிட்ட முகத்துக்கு நேரா ஒரு விஷயம் பேசணும். அதுக்கு முன்னாடி இவர் ஓட்டறதை ஒரு தடவை பாத்துடலாம்னு. ஆமா, ஏன் பீரோக்குள்ள இருக்கார்?

— அது... சும்மா... வாங்க, ஷெட்டுக்குப் போலாம். வண்டி மூணும் அங்கதான் நிக்குது.

— நூத்தி அறுபதுன்னீங்களே, அந்தச் சிவப்பா?

— சிவப்புதாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பறந்துடும். ஹெல்மெட்டை மாட்டிக்கறேன்... ஆங், ரெடி.

— டேய், ஸ்டாண்டை எடுக்கல.

— தெரியும்மா.

— சாவியும் போடல.

— தெரியும்னு சொல்றேன்ல! ஏங்க... ஒரு நிமிஷம். இதைக் கழட்டிட்டே சொல்லிடறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க.

— என்னது?

— பதினெட்டு வயசுல ஒரு தடவை விழுந்தேன். அன்னியிலேர்ந்து ஸ்டார்ட் பண்ணவே பயம். வீடியோவுல ஓட்டறது எல்லாம் எங்கம்மா. நான் வாய் மட்டும்தான். அவங்க பேரைக்கூட இதுவரைக்கும் எங்கயும் போட்டதில்ல, நினைச்சா வெக்கமா இருக்கு. நீங்க இப்பவே திரும்பிப் போனாலும் தப்பில்லைங்க.

— அத்தை, நிஜமாவா? அந்த மலைப்பாதை வளைவெல்லாம்?

— நான்தாம்மா. ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சுக்கிட்டுத்தான் போனேன். அந்தச் சத்தத்தை எல்லாம் இவன் வெட்டி எடுத்துட்டான்.

— விழுந்ததுக்கப்புறம் இவர் ஒரு தடவைகூட ஓட்டினதில்லையா?

— வாசல்லேர்ந்து ஷெட்டு வரைக்கும் தள்ளிக்கிட்டு வருவான். அதுக்கும் நான் பின்னாடி பிடிச்சுக்கணும். ஏம்மா, முகத்தை மூடிக்கிட்டு நிக்கறே? அழாதேம்மா. இவனை நான் சரியா வளக்கல.

— சிரிக்கறேன் அத்தை! வாரத்துக்கு நாலு பேருக்காவது கட்டு போடறேன். ‘எப்படிப்பா விழுந்தே’ன்னு கேட்டா, ‘புயல் அண்ணன் சொன்ன வேகத்துல போனேன்’ங்கறாங்க. ஒருநாள் இவரையும் அந்த மேசையில படுக்க வெச்சு நானே கட்டு போடணுமேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஏங்க, ஓட்டத் தெரியாதுன்னு முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு ஒரு நாள் லீவு மிச்சமாயிருக்குமே!